ஆவடியின் பாசிமணிக்காரர்கள்... சான்றிதழ் கிடைத்தது, அடுத்து என்ன?

1955 ஜனவரி. சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. மாநிலத்தின் முதலமைச்சர் காமராஜர். டெல்லியிலிருந்து பிரதமர் நேரு வந்திருந்தார். யு.என்.தேபர் தலைமையில் நடந்த அந்த மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்ற தீர்மானம் நிறைவேறியது. நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்மானத்துக்கு இன்றும் 'ஆவடி தீர்மானம்' என்றுதான் பெயர்.

அதன்பிறகு ஆவடி வேகமாக வளர்ந்தது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ராணுவ டாங்கிகள் இங்கிருந்துதான் எல்லைக்குப் போகின்றன. பக்கத்து அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2019-ல் ஆவடி மாநகராட்சியானது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 330 கோடி ரூபாய் செலவில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பூந்தமல்லி பக்கம் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழும்பியபோது, அதைச் சுற்றியுள்ள மனைகளின் விலையும் சேர்ந்து எழும்பியது.

இதே ஆவடி, திருமுல்லைவாயல் பகுதிகளில்தான் நரிக்குறவர் குடியிருப்புகளும் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி ரயில் நிலையங்களிலும் திருவேற்காடு கோயில் வாசலிலும் பாசிமணி, ஊசி, ருத்ராட்ச மாலை விற்பவர்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பார்க்கிறோம், ஆனால் கவனிப்பதில்லை. நாட்டுக்கே சமத்துவத் தீர்மானம் தந்த ஊரில், அந்தச் சமத்துவத்தின் கடைசி வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்.

யார் இவர்கள்?

நாம் நரிக்குறவர் என்கிறோம். குருவிக்காரர் என்றும் சொல்வதுண்டு. அவர்கள் தங்களை 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசும் மொழி வாக்ரிபோலி. குஜராத்தி போன்ற வட இந்திய மொழிகளோடு உறவுள்ள இந்த மொழிக்குத் தனி எழுத்து இல்லை. பல தலைமுறைகளுக்கு முன்பு மேற்கு இந்தியாவிலிருந்து வேட்டையாடிக்கொண்டே தெற்கு நோக்கி வந்தவர்கள் என்பது மொழியை வைத்து ஆய்வாளர்கள் சொல்லும் கணிப்பு. மராட்டியப் படைகளோடு வந்தோம் என்பது அவர்களுக்குள் வழங்கும் கதை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. குறவர்களும் நரிக்குறவர்களும் ஒரே சமூகம் அல்ல. குறவர்கள் தமிழ் மண்ணின் பழங்குடிகள். சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றவர்கள். நரிக்குறவர்களின் மொழி, வழிபாடு, வரலாறு எல்லாமே வேறு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் இரண்டு தரப்புக்குமே சிக்கல். அதனால் 'வாக்ரி' என்ற பெயரையே பயன்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் உண்டு.

தொழில் போன கதை

ஒரு காலத்தில் இவர்கள் ஊருக்கு வந்தால் விவசாயிகள் வரவேற்பார்கள். கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிப்போகும் நரியை வலை வைத்துப் பிடிப்பவர்கள் இவர்கள்தான். காடை, கவுதாரி, முயல் என்று வேட்டையாடி, தின்றது போக மிச்சத்தை விற்றுப் பிழைத்தார்கள். கையில் நாட்டுத் துப்பாக்கி, தோளில் வலை, கூடவே ஒரு நாய். நிலமோ கடையோ இல்லாமலே ஓடிய பொருளாதாரம் அது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு உயிர்களைக் காக்க அவசியமான சட்டம்தான் அது. அதே நேரத்தில் ஒரு சமூகத்தின் முழுத் தொழிலையும் அது சட்டவிரோதமாக்கியது. அணை கட்டும்போது நிலம் இழந்தவருக்கு மாற்று நிலமோ இழப்பீடோ தர வேண்டும் என்று கேட்கிறோம். தொழிலை இழந்த வேட்டைக்காரருக்கு யாரும் அப்படி ஒரு கணக்குப் போடவில்லை. வேட்டைக்காரர் தானாகவே வியாபாரியாக மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்றுவரை பக்கத் தொழிலாக இருந்த பாசிமணியும் ஊசியும் முழுநேரத் தொழிலாயின.

அந்தத் தொழிலும் இப்போது ஆட்டம் காண்கிறது. மொத்தக் கடையில் மணிகளை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கோத்து, ரயிலிலும் திருவிழாவிலும் விற்க வேண்டும். ஆனால் இயந்திரத்தில் செய்த பிளாஸ்டிக் மாலை அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. செல்போனில் தட்டினால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. திருவண்ணாமலை கிரிவலம், வேளாங்கண்ணித் திருவிழா, சபரிமலை சீசன் என்று கூட்டம் இருக்கும் இடம் தேடி ஓடினால்தான் நாலு காசு பார்க்க முடியும். மழைக்காலத்தில் வியாபாரமே கிடையாது.

சராசரியில் காணாமல் போனவர்கள்

தமிழ்நாடு ஏழை மாநிலம் இல்லை. கல்வி, மருத்துவம், வாழ்க்கைத் தரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு 2023-ல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் வறுமையில் இருப்பவர்கள் 2.20 சதவீதம் மட்டுமே. பெருமைப்பட வேண்டிய எண்தான்.

ஆனால் சராசரிக்கு ஒரு குணம் உண்டு. நரிக்குறவர், குருவிக்காரர் மக்கள்தொகை சுமார் 27,000 என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதாவது நூற்றுக்கு 0.04 பேர்கூட இல்லை. இவர்கள் அத்தனை பேரும் வறுமையில் இருந்தாலும், எல்லோருமே நாளை வசதியாகிவிட்டாலும், மாநிலத்தின் எண்ணில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. தேர்தல் கணக்கிலும் அப்படித்தான். ஒரு தொகுதியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்கு இவர்கள் எங்கும் சேர்ந்து வாழ்வதில்லை. எண்ணிக்கை குறைவு, அதனால் குரல் குறைவு, அதனால் கவனிப்பும் குறைவு.

ஒரு காகிதத்துக்கு 57 ஆண்டுகள்

பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது இவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. நரிக்குறவர்களைச் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-ல். அதன்பிறகு ஆட்சிகள் மாறின, கடிதங்கள் போயின, கோப்புகள் நகர்ந்தன, நின்றன. மாநிலத்தில் இவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் பெரிய சமூகங்களோடு, முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் போட்டி போட வேண்டியிருந்தது. 2008-ல் நரிக்குறவர் நல வாரியம் அமைக்கப்பட்டது ஓர் ஆறுதல். 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும் சட்டம் நிறைவேறவில்லை.

இந்த இடத்தில்தான் ஆவடி மறுபடி கதைக்குள் வருகிறது. 2022 மார்ச்சில் ஆவடி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த பள்ளி மாணவிகள் மூவர், தங்கள் பகுதியின் குறைகளை ஊடகத்தில் வெளிப்படையாகப் பேசினார்கள். அந்தப் பேச்சு பரவியது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களைத் தலைமைச் செயலகத்துக்கு அழைத்துப் பேசினார். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி அதே மாதம் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார். ஏப்ரல் 15 அன்று நேரில் வந்து நலத்திட்ட உதவிகள் வழங்கி, ஒரு மாணவியின் வீட்டில் அமர்ந்து சாப்பிட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டிசம்பர் 15-ல் மக்களவையும் டிசம்பர் 22-ல் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. 2023 ஜனவரியில் அது சட்டமானது. 1965-ல் பரிந்துரை வந்தபோது பிறந்த குழந்தைக்கு, சட்டம் வந்தபோது வயது 57.

அமெரிக்கா சொல்லும் பாடம்

தலைவர்கள் ஏழை வீட்டுக்கு வருவதும், அந்தப் படம் நாடு முழுக்கப் பரவுவதும் இங்கு மட்டும் நடப்பதல்ல. 1964 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், கென்டக்கி மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஐனெஸ் என்ற சிற்றூருக்குப் போனார். வேலையிழந்த ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து குடும்பக் கஷ்டங்களைக் கேட்டார். 'வறுமைக்கு எதிரான போர்' என்று அவர் அறிவித்த திட்டத்தின் முகமாகவே அந்தப் படம் மாறியது.

அந்தப் போர் வீணாகவில்லை. உணவு உதவி, முதியோருக்கான மருத்துவக் காப்பீடு, ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி முன்பருவக் கல்வி எல்லாம் அந்தக் காலத்தில் வேரூன்றியவைதான். 1964-ல் 19 சதவீதமாக இருந்த அமெரிக்க வறுமை பின்னர் கணிசமாகக் குறைந்தது. ஆனால் ஐனெஸ் இருக்கும் மார்ட்டின் கவுண்டி இன்றும் அந்த நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஊரில் சுரங்க வேலை குறைந்தபோது, அந்த இடத்தை நிரப்ப வேறு தொழில் வரவில்லை. பழைய பிழைப்பு போன இடத்தில் புதிய பிழைப்பு வராவிட்டால், உதவித்தொகை உயிரைக் காப்பாற்றும்; அடுத்த தலைமுறையை மேலே ஏற்றாது.

ஆவடிக்கும் இதே கேள்விதான். சான்றிதழ் கிடைத்தது, அடுத்து என்ன?

கதவு திறந்தது, படிகள் மிச்சம்

பழங்குடிச் சான்றிதழ் பெரிய வரம் என்பதில் சந்தேகம் இல்லை. மத்திய அரசுப் பணிகளிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, கல்வி உதவித்தொகை, கடனுதவி எல்லாம் இதனால் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு அவசியம் என்பது சட்டம் வந்த சில மாதங்களிலேயே தெரிந்தது. 2023 மார்ச் 30 அன்று கோயம்பேட்டில் உள்ள ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தினரை உள்ளே விட மறுத்த காட்சி செல்போனில் பதிவாகிப் பரவியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அனுமதித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. டிக்கெட்டுக்குப் பணம் இருந்தும் நுழைய முடியவில்லை என்றால், வறுமை என்பது வெறும் பணம் சம்பந்தப்பட்டது இல்லை என்று புரிகிறது.

அதே நேரத்தில் சில நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன. மற்ற சாதிச் சான்றிதழ்கள் தாசில்தார் அலுவலகத்திலேயே கிடைக்கும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர முடியும். விசாரணையும் கூடுதல். வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராக அலையும் குடும்பத்துக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. தவிர, மாநில அரசுப் பணியில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 சதவீதம்தான். தமிழ்நாட்டின் எல்லாப் பழங்குடிகளும் அந்த ஒன்றுக்குள்தான் இடம் தேட வேண்டும். அதற்கும் முதலில் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தாண்ட வேண்டும்.

தண்டல் கணக்கு

ஏழையாக இருப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் விஷயம் என்பதற்குச் சின்ன உதாரணம், தண்டல். ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு 15 சதவீத வட்டி மாதிரி தெரியும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே! அதையும் சேர்த்து ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே ஆவடியில் மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கடன் வாங்கினால் வட்டி அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதிகம் சம்பாதிப்பவருக்குக் கடன் மலிவு. குறைவாகச் சம்பாதிப்பவருக்கு அதே கடன் தீ விலை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தெரு வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் பிணை இல்லாமல் கடன் உண்டு. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். மணி வாங்க முதலீடு தேடும் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான தொகை. ஆனால் இதற்கு வியாபாரி அடையாளச் சான்றோ, உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். இன்று ஆவடி, நாளை திருவண்ணாமலை என்று இருப்பவர், கணக்கெடுக்க வரும் நாளில் ஊரில் இருப்பாரா?

நிலம் என்னும் முதல் படி

பட்டா இருந்தால் வீடு கட்ட அரசு உதவி கிடைக்கும், வங்கிக் கடனுக்கும் வழி பிறக்கும். நிலையான முகவரி இருந்தால் குடும்ப அட்டை. அட்டை இருந்தால் ரேஷன் அரிசி, மகளிர் உரிமைத் தொகை. ஒரு சங்கிலி மாதிரி எல்லாமே ஒன்றோடு ஒன்று பிணைந்தது. முதல் கண்ணி இல்லாதவருக்கு மற்ற எதுவும் எட்டாது.

சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் இது இன்னும் கடினம். 1962 முதல் இருந்த 'பெல்ட் ஏரியா' கட்டுப்பாட்டால், நகரைச் சுற்றிப் புறம்போக்கில் பல ஆண்டுகளாக வசித்தவர்களுக்குக்கூடப் பட்டா தர முடியாமல் இருந்தது. 2025 பிப்ரவரியில்தான் பெல்ட் ஏரியாவையும் பிற நகரங்களையும் சேர்த்துச் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. இப்படி ஒரு முடிவு வரும்போது, விண்ணப்பம் எழுதவும் அலுவலகம் ஏறி இறங்கவும் தெரிந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். கடைசியில் நிற்பவரைத் தேடிப்போய்க் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால்தான் அது சமத்துவம்.

பள்ளிக்கூடம் என்னும் நம்பிக்கை

முதல் வகுப்பில் சேரும் வாக்ரி குழந்தை, வீட்டில் பேசாத மொழியில் பாடம் கேட்கிறது. தமிழ் அதற்கு இரண்டாவது மொழி. இது ஆசிரியருக்குத் தெரியாவிட்டால், 'மந்தமான பிள்ளை' என்ற முத்திரை விழும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் கேலி தனி. அப்பா, அம்மா திருவிழாவுக்குக் கிளம்பினால் பிள்ளையும் கூடவே போக வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் பாடம் எங்கேயோ போயிருக்கும். எட்டாவது, ஒன்பதாவதில் படிப்பு நின்றால், பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

மாற்றத்துக்கான கருவிகள் கையிலேயே இருக்கின்றன. அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவற்றோடு, சீசன் மாதங்களில் பெற்றோர் ஊரில் இல்லாதபோது பிள்ளைகள் தங்கிப் படிக்கக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி வேண்டும். வாக்ரிபோலியும் தமிழும் தெரிந்த, அந்தச் சமூகத்திலேயே படித்த இளைஞர் ஒருவர் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் துணை ஆசிரியராக இருந்தால், குழந்தையின் பயம் பாதி போய்விடும். இரண்டுமே டைடல் பூங்கா அளவுக்குச் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

படித்தவர்களுக்கு வேலை தரும் வாய்ப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஐ.டி.ஐ.யும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. பள்ளிப் படிப்பு முடித்த ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கண்டுபிடித்து, தொழிற்பயிற்சியிலும் அங்கிருந்து வேலையிலும் சேர்ப்பது முடியாத காரியமா? 27,000 பேர் கொண்ட சமூகத்தில், ஒரு மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் எத்தனை குடும்பங்கள் இருந்துவிடப் போகிறார்கள்? எண்ணிக்கை குறைவு என்பது இதுவரை பலவீனமாக இருந்தது. மனது வைத்தால், வேலையைச் சீக்கிரம் முடிக்க அதுவே வசதி.

நாம் என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது ஒருபக்கம் இருக்கட்டும். ரயிலில் அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து போகாமல் இருப்பது நம்மால் முடியும். கேட்காமல் படம் எடுக்காமல் இருக்கலாம். மாலில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, மணிமாலைக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லும் வழக்கத்தை விடலாம். 'ஏய், இங்க வா' என்று கூப்பிடாமல், 'அக்கா', 'அண்ணே' என்று கூப்பிடலாம். நம் பிள்ளையின் வகுப்பில் வாக்ரி குழந்தை இருந்தால், பிறந்தநாள் சாக்லேட் அந்தக் கைக்கும் போகிறதா என்று கேட்கலாம்.

அக்கம்பக்கத்தில் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். சான்றிதழ் விண்ணப்பம், ஸ்வநிதி கடன், உதவித்தொகைப் படிவம் எல்லாம் இப்போது ஆன்லைனில்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குப் போய் நாலு படிவம் நிரப்பிக் கொடுத்தால், நாலு குடும்பத்துக்கு ஆளுக்கொரு நாள் கூலி மிச்சம்.

2022-ல் அந்த மாணவிகள் கேட்டது அதிசயமான எதையும் இல்லை. அடிப்படை வசதிகளும் சாதிச் சான்றிதழும் மற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மரியாதையும்தான். 57 ஆண்டுகள் முடியாத கோப்பு, அவர்கள் வாய் திறந்த பத்தே மாதத்தில் சட்டமானது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண், சார் ஆட்சியராக அமர்ந்து தன் கையாலேயே பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் நாளில், ஆவடி தீர்மானம் ஆவடியிலேயே நிறைவேறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.